பாடத்தை முதலில் பெற்றோருக்குக் காட்டுங்கள்

எமது சங்கத்தின் மகளிர் பிரிவு ஒன்றுகூடலில், நாவிதன்வெளியிலிருந்து வந்த பெற்றோர் குழுவினர் வாசித்த உரை.



நாங்கள் நான்கு பேர் அம்பாறை மாவட்டம் நாவிதன்வெளியிலிருந்து வந்திருக்கிறோம். மூன்று பேர் தாய்மார், ஒருவர் தகப்பன். இரண்டு பேர் தமிழர், இரண்டு பேர் முஸ்லிம்கள். இந்தப் பேச்சை நான்கு பேரும் ஒரே பாயில் இருந்து எழுதினோம். வாசிப்பது ஒருவர் என்றாலும் சொல் நான்கு பேருடையது.

எங்கள் பக்கத்தை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். கல்முனையிலிருந்து மேற்கே வந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டினால் சவளக்கடை. அதற்கப்பால் அன்னமலை, வேப்பையடி, மத்திய முகாம் என்று வயலும் குடியிருப்புமாகப் போகும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிய பிறகு உண்டான கொலனிகளை இன்றைக்கும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போக வழியில்லாமல் நிற்போம். எங்களுக்கு வேளாண்மை, உங்களுக்குக் கொழுந்து. நாட்கூலிக்குப் போகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் காசு இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறோம் என்பது போகப் போக விளங்கும்.

பாலியல் கல்வியில் பெற்றோரின் பங்கைப் பற்றிப் பேசச் சொல்லி எங்களுக்குக் கடிதம் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை வாசித்த எங்களில் ஒருவரின் மாமியார், அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதாம். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பத்திரிகைகளில் "பாலியல்" என்ற சொல் தனியாக வந்து அவர் கண்டதில்லை. அதற்குப் பின்னால் துஷ்பிரயோகம் என்றோ வல்லுறவு என்றோ ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட சொல்லோடு "கல்வி" என்பதைச் சேர்த்தால் எந்தத் தாய்க்கும் பயம் வரும். இதனால் சிலர் வளரிளம் பருவக் கல்வி, வாழ்க்கைத் திறன் என்றெல்லாம் பெயரை மாற்றி வைக்கிறார்கள். பெயரை மாற்றலாம், பாதகமில்லை. ஆனால் பெயரை மாற்றிப் பெற்றோரை ஏமாற்றப் பார்த்தால் அது ஒரு கிழமைகூடத் தாங்காது. பிள்ளை கொப்பியை வீட்டுக்குத்தானே கொண்டு வருகிறது.

நம் நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்காக, அதாவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக, அரச நிறுவனங்கள் சேர்ந்து ஒரு துணைநூல் தயாரித்தன. சிங்களத்தில் அதற்கு "ஹதே அபே பொத்த" என்று பெயர். ஏழாம் தரத்தில் எங்கள் புத்தகம் என்று அர்த்தம். உடம்பு வளரும்போது என்ன மாற்றம் வரும், யார் தொடக்கூடாது, தொட்டால் என்ன செய்வது என்பவைதான் அதன் நோக்கம். 2020இல் பிக்குமார் சிலர் இது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று எதிர்த்தார்கள். விநியோகம் நிறுத்தப்பட்டது. 2025இல் புதிய கல்விச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது அதே வாக்குவாதம் திரும்பவும் வந்தது. அப்போது வேறு மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள்.

இந்த வாக்குவாதத்தில் இரண்டு பக்கமும் எங்கள் பெயரைச் சொன்னார்கள். "பெற்றோர் விரும்பமாட்டார்கள்" என்றார்கள் ஒரு பக்கத்தார். "பெற்றோருக்கு விளங்காது, அதனால்தான் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்றார்கள் மறு பக்கத்தார். நாவிதன்வெளியில் எங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை. உங்களிடம் கேட்டார்களா? புத்தகத்தைக் கையில் தந்து, வாசித்துப் பார் அம்மா, எந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்று சொல் என்று யாராவது உங்கள் லயத்துக்கு வந்தார்களா?

பெற்றோர் இல்லாமல் கொண்டு வரும் பாடத்தைப் பெற்றோர் பெயரைச் சொல்லியே யாரும் மூடிவிடலாம். இந்தியாவிலும் இப்படித்தான் நடந்தது. அங்கே மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் நிறுத்தின. இங்கிலாந்தில் வேறு மாதிரி. 2019இல் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆரம்பப் பாடசாலைகளின் வாசலில் பெற்றோர் மாதக்கணக்காக நின்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போய், பாடசாலை வாசலில் ஆர்ப்பாட்டம் செய்யக்கூடாது என்று தடை வந்தது. அந்த நாட்டில் 2020 செப்டெம்பரிலிருந்து உறவுகள் பற்றிய பாடம் கட்டாயம். கூடவே, பாடசாலை தன் கொள்கையை எழுதும்போது பெற்றோரிடம் கலந்து பேச வேண்டும் என்பதும் கட்டாயம். பெற்றோர் வாசலுக்கு வருவதற்கு முன்னே அவர்களை வகுப்பறைக்குள் கூப்பிட்டு இருத்தியிருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். வாசலில் நின்று கத்திய பிறகு இரண்டு பக்கமும் காது கேட்காது.

இனி எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறோம். பாடசாலையின் பெயர் வேண்டாம்.

ஒரு நாள் பிள்ளைகள் ஒரு துண்டுக் கடிதம் கொண்டு வந்தார்கள். சுகாதாரப் பாடத்தில் "இனப்பெருக்க சுகாதாரம்" பற்றி விசேட வகுப்பு நடக்கும், சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று இருந்தது. அவ்வளவுதான். யார் நடத்துவார், என்ன சொல்லுவார், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தா தனித்தனியா, எதுவும் இல்லை. அன்று பின்னேரமே ஊருக்குள் கதை கிளம்பிவிட்டது. படம் போட்டுக் காட்டப் போகிறார்களாம் என்றார் ஒருவர். வெளிநாட்டுக் காசாம் என்றார் இன்னொருவர். வட்ஸ்அப்பில் எங்கேயோ நடந்த வீடியோ ஒன்று எங்கள் ஊரில் நடந்ததாகச் சுற்றியது. அரைவாசிப் பேர் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்களிலும் பாதிப் பேர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதியவர்கள் இல்லை, பிள்ளையே போட்ட கையெழுத்து.

நாங்கள் சிலர் அதிபரிடம் போனோம். வேண்டாம் என்று சொல்லப் போகவில்லை. பாடத்தை முதலில் எங்களுக்கு நடத்துங்கள், பிள்ளைகளுக்கு என்ன சொல்லுவீர்களோ அதை அப்படியே எங்களுக்குச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துக் கேளுங்கள் என்றோம். அதிபர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, கூட்டம் வைத்தால் நீங்கள் வரவா போகிறீர்கள் என்றார். வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு வைத்தால் வரமாட்டோம்தான். அது வேளாண்மை வெட்டுக் காலம். ஆகவே பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், வெட்டு முடிந்த கிழமையில், நான்கு நாட்கள் என்று முடிவாயிற்று.

பாடத்தை நடத்த வெளியூர் ஆள் யாரும் வரவில்லை. எங்கள் பகுதி மருத்துவமாது வந்தார். நீங்கள் மிஸ்ஸி என்று சொல்லுவீர்களே, அவர்தான். எங்கள் பிள்ளைகளைப் பிறந்த நாளிலிருந்து தராசில் போட்டு நிறுத்தவர். அவர் சொன்னால் நம்பிக்கை. இதற்கு முன்னேயும் அதைக் கண்டிருக்கிறோம். 2017இலிருந்து ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசி போடுகிறார்கள் அல்லவா. அந்தக் கிருமி உடலுறவால் பரவுவது. சண்டை வருவதற்கு அதில் எவ்வளவோ இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அவர் கிளினிக்கில் தாய்மாரைச் சுற்றி இருத்தி வைத்துப் பேசினார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அனேகமாக எல்லோரும் சம்மதித்தோம்.

முதல் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். அதைத்தான் உங்களுக்கு விபரமாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தது. அவர் ஏற்கனவே எட்டாம், ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளிடம் வெற்றுத் துண்டுக் கடதாசி கொடுத்து, பெயர் எழுதாமல், கேட்க நினைத்து யாரிடமும் கேட்காத கேள்வியை எழுதச் சொல்லியிருந்தார். அந்தத் துண்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து எங்களுக்கு வாசித்தார்.

முதன்முதல் இரத்தம் கண்டபோது எனக்குப் புற்றுநோய் என்று நினைத்தேன், இரண்டு நாள் யாருக்கும் சொல்லவில்லை, இப்படித்தான் எல்லோருக்கும் வருமா?

இரவில் உடுப்பு நனைகிறது. பேப்பரில் நரம்புத் தளர்ச்சி என்று விளம்பரம் வருகிறதே, அந்த வருத்தமா? மருந்துக்குக் காசு எப்படித் தேடுவது?

என் படத்தை அனுப்பு, இல்லாவிட்டால் பேசமாட்டேன் என்கிறான். அனுப்பினால் அழித்துவிடுவானா?

சொந்தக்காரர் ஒருவர் வந்தால் எனக்குப் பயம். அம்மாவிடம் சொன்னால் வீட்டில் சண்டை வரும். வேறு யாரிடம் சொல்லலாம்?

உம்மா குவைத்தில். உம்மம்மாவிடம் கேட்க வெட்கம். போனில் கேட்டால் பக்கத்தில் அந்த வீட்டு மேடம் இருப்பா. என்ன செய்வது?

மண்டபத்தில் சத்தமில்லை. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பேச வந்த ஒரு வாப்பா எழுந்து போய் வெளியே நின்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இருந்தார். இது என் பிள்ளையின் எழுத்தாக இருக்குமோ என்று ஒவ்வொருவரும் துண்டை எட்டிப் பார்க்கத் தொடங்க, மிஸ்ஸி டின்னை மூடிவிட்டார். சரியான காரியம். எழுத்தைக் காட்டியிருந்தால் அடுத்த முறை ஒரு பிள்ளையும் எழுதாது.

அன்றிலிருந்து கேள்வி மாறிவிட்டது. சொல்லிக் கொடுக்கலாமா கூடாதா என்ற பேச்சு போய், யார் எதைச் சொல்லுவது என்ற பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை பெரிய பிள்ளையானால் தண்ணி வார்ப்போம், பந்தல் போடுவோம், கார்ட் அடிப்போம், இப்போது மண்டபமும் எடுக்கிறார்கள், வீடியோவும் உண்டு. உங்கள் பக்கத்திலும் தாய்மாமன் சீர் என்று பெரிதாகச் செய்வீர்கள். ஊருக்கெல்லாம் சொல்லுகிறோம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் சொல்லுவதில்லை. "இனி ஓடி விளையாடாதே" என்பதோடு பாடம் முடிந்தது. ஏன் வந்தது, எத்தனை நாளைக்கு, வலித்தால் என்ன செய்வது, பள்ளிக்கூடத்தில் திடீரென்று வந்தால் யாரிடம் கேட்பது என்று அவளுக்கு யார் சொன்னார்? முன்பு அம்மம்மா, பெரியம்மா, ராத்தா என்று வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் பெண் தாய் வீட்டிலேயே இருப்பது வழக்கமாகையால் இது இன்னும் இலேசாக நடந்தது. இப்போது அந்த நாலு பேரில் இரண்டு பேர் வெளிநாட்டில்.

வெளிநாட்டுக்குப் போகும் தாய்மாருக்கு 2013இலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கேட்கிறார்கள். முதலில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றிருந்தது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். நாம் போகும்போது யார் சமைப்பார், யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போகிறோம். பிள்ளை உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வந்தால் யாரிடம் வரும் என்பதையும் அதே பட்டியலில் எழுத வேண்டும். எங்கள் கூட்டத்தில் அம்மம்மாமாரையும் உம்மம்மாமாரையும் தனியாக அழைத்தது இதற்காகத்தான். "பெற்றோர்" என்று அழைப்பு அனுப்பினால் அவர்கள் வரமாட்டார்கள். அது தங்களுக்கில்லை என்று நினைப்பார்கள். நீங்கள் அழைப்பு எழுதும்போது "பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்" என்று எழுதுங்கள். வந்த பாட்டிமார் எங்களைவிடத் தைரியமாகப் பேசினார்கள், அது வேறு விஷயம்.

இரண்டாம் நாள் ஒரு மௌலவியும் கோவில் ஐயர் ஒருவரும் வந்தார்கள். மார்க்கத்துக்கு விரோதமில்லையா என்று கேட்டவர்களுக்கு மௌலவி சொன்ன பதில் எங்களுக்குப் பிடித்திருந்தது. குளிப்பு எப்போது கடமையாகும், மாதத்தீட்டில் தொழுகை நோன்பு என்ன என்பதெல்லாம் மத்ரசாவில் படிப்பிக்கும் பாடம்தான், பருவமடைந்த பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை என்றார். ஐயர் அதிகம் பேசவில்லை. பெண் பிள்ளையைக் காப்பாற்ற ஆண் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த ஒன்று போதும்.

பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் ஆஹங் என்ற அமைப்பு பல வருடங்களாகப் பாடசாலைகளில் இப்படிப்பட்ட பாடத்தை நடத்துகிறது. முஸ்லிம் நாட்டில் எப்படி முடிந்தது என்று பார்த்தால், அவர்களும் முதலில் பெற்றோரைக் கூப்பிட்டு இருத்தியிருக்கிறார்கள். இந்தக் கல்வி பிள்ளைகளைத் தூண்டிவிடாதா என்ற பயம் எல்லா இடத்திலும் உண்டு. 2018இல் யுனெஸ்கோவும் வேறு ஐ.நா. நிறுவனங்களும் வெளியிட்ட வழிகாட்டி நூலில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பாடம் படித்ததால் பிள்ளைகள் வயதுக்கு முந்தி உடலுறவில் ஈடுபடவில்லை, சில இடங்களில் பிந்தியே ஈடுபட்டார்கள் என்பதுதான் அதன் முடிவு. எங்களுக்கு அதைவிட அந்தப் பிஸ்கட் டின் பெரிய சாட்சி. நாம் ஒன்றும் சொல்லாததால் அந்தப் பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் இருக்கவில்லை. பிழையாக அறிந்திருந்தார்கள். 2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடியபோது கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்தோமே, அந்தப் போன் எங்களிடம் சம்மதம் கேட்டு ஒன்றும் காட்டுவதில்லை.

மூன்றாம் நாள் சட்டம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், முக்கியமாக ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். 1995இல் தண்டனைச் சட்டக் கோவை திருத்தப்பட்ட பிறகு, பதினாறு வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையோடு உடலுறவு கொண்டால், அவள் விரும்பித்தான் வந்தாள் என்றாலும், அது வல்லுறவுக் குற்றம். பொதுவான விவாகப் பதிவுச் சட்டத்திலும் அதே 1995இல் திருமண வயது பதினெட்டு ஆக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்த வயதெல்லை போடப்படவில்லை. அதைத் திருத்தச் சொல்லி எங்கள் முஸ்லிம் சகோதரிமார் நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள், எங்கள் நால்வரின் நிலைப்பாடும் அதுதான்.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பையனோடு போய்விடுகிறாள். இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி, மானம் போகாமல் சேர்ந்து இருக்கட்டும் என்று முடிவு செய்கிறார்கள். பிறகு அவள் கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வயதைக் கேட்கிறார்கள், பொலிஸுக்கு அறிவிக்கிறார்கள், பையன் விளக்கமறியலுக்குப் போகிறான். அவனுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய படிப்பு போயிற்று, அவனுடைய வாழ்க்கையும் போயிற்று. பதினாறு வயது வரைக்கும் பாடசாலைக்கு அனுப்புவதும் இப்போது கட்டாயம், அதுவும் பலருக்குத் தெரியாது. இதை எல்லாம் வழக்குக் கட்டு வந்த பிறகுதான் தாய் தகப்பன் அறிய வேண்டுமா? பையனுக்குப் பதினான்கு வயதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

நான்காம் நாள் தகப்பன்மாருக்கு மட்டும். ஒன்பது பேர் வந்தார்கள். தாய்மாருக்கு மண்டபம் நிறைந்தது, தகப்பன்மாருக்கு ஒரு வாங்கு போதுமாயிற்று. எங்களோடு வந்திருக்கும் அண்ணன் அந்த ஒன்பது பேரில் ஒருவர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் பேசினார். மகனோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை, எங்களோடு எங்கள் தகப்பன் பேசவில்லையே என்றார்கள். அவர் ஒரே ஒரு வேலை கொடுத்தார். இந்தக் கிழமைக்குள் மகனை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வட்டைக்குப் போங்கள், போகும் வழியில் இரவில் உடுப்பு நனைவது வருத்தமில்லை என்று அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லுங்கள், முகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை, சைக்கிளில் முகம் தெரியாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நான்கு நாளால் முதலில் கிடைத்த பலன் என்ன தெரியுமா? பாடம் அல்ல. பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு உள்கொண்டி. தாய்மார் பிள்ளைகளிடம் கேட்கப்போய்த்தான், கதவு பூட்டாது, தண்ணீர் வராது, துணியைப் போட ஒரு வாளி இல்லை, அந்த நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லை என்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை சிரமதானம் செய்து கதவைச் சரிக்கட்டினோம், மூடி போட்ட வாளி வைத்தோம். 2024இல் அரசாங்கம் கஷ்டப்பட்ட பாடசாலைகளின் மாணவிகளுக்கு நப்கின் வாங்க 1,200 ரூபாய் வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மாற்றுவதற்குக் கதவு வேண்டும்.

வகுப்பு பிறகு நடந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உடம்பு பற்றிய பாடம் தனித்தனியாக, பாதுகாப்பும் சட்டமும் போனும் பற்றியது சேர்த்து. அது பெற்றோர் கேட்ட ஒழுங்கு. ஒரு படத்தை எடுக்கச் சொன்னோம், எடுத்தார்கள். ஒரு பகுதியை எடுக்கச் சொன்னோம், எடுக்கமாட்டேன் என்று மிஸ்ஸி காரணம் சொன்னார், ஒப்புக்கொண்டோம். தெரிந்தவர்களால் நடக்கும் தொல்லை பற்றிய பகுதி அது. நான்கு குடும்பங்கள் கடைசி வரைக்கும் சம்மதிக்கவில்லை. அவர்களோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை, அந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் இருந்தார்கள். நாங்கள் அவர்கள் வீட்டுக்கு இன்னும் போய் வருகிறோம்.

தோழர்களே, நாங்கள் வெளியூர்க்காரர். உங்கள் சங்க விஷயத்தில் புத்தி சொல்ல வரவில்லை. ஆனாலும் நேற்றுப் பின்னேரம் உங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். பாடசாலைக் கூட்டத்துக்குப் போய் மத்தியானம் மலைக்குப் போனால் அரைப் பேர்தான் போடுவார்கள், ஆகையால் பிள்ளையின் விஷயம் என்றாலும் போவதில்லை என்றார். அதைப் பார்த்துப் பாடசாலை, தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை என்று எழுதி வைக்கும். அக்கறை எவ்வளவு என்று கேட்கிறவர்கள் முதலில் அந்த அரைப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். வருடத்தில் இரண்டு முறை பாடசாலைக் கூட்டத்துக்குப் போகும் தாய்க்கும் தகப்பனுக்கும் முழுப் பேர் போட வேண்டும் என்று உங்கள் தலைவர்மார் தோட்ட நிர்வாகத்தோடு பேசினால் என்ன? சம்பளப் பேச்சோடு ஒப்பிட்டால் சின்னக் கோரிக்கைதான். ஆனால் இதைச் சங்கம் மட்டும்தான் கேட்க முடியும், அதிபராலோ மிஸ்ஸியாலோ முடியாது.

அது நடக்கும் வரைக்கும், பிரட்டுக் கலைந்த பிறகோ ஞாயிறு பின்னேரமோ, பிள்ளை மடுவத்தில் கூட்டம் வைக்கலாம். மடுவத்துக்கு வந்து போகாத தாய் இல்லை. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் குடும்பமே படுத்தெழும்பும்போது பிள்ளைக்கு எதை மறைப்பது என்று அதே அக்கா கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுப் பிரச்சினை வேறு போராட்டம். ஆனால் மறைக்க முடியாத இடத்தில் விளக்கமாவது சொல்லலாமே என்று அவரே பிறகு சொன்னார்.

இன்னும் இரண்டு விஷயங்கள். பிள்ளைக்கு ஏதாவது நடந்தது என்று தெரிந்தால் 1929 என்ற நம்பருக்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் நம்பர் அது. பிள்ளைக்கும் அதை மனப்பாடமாக்கிக் கொடுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் அடி, தொல்லை என்று போகும் பெண்களோடு அங்கே தனியாக இருந்து பேசுவார்கள். அடுத்தது, பிள்ளை உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால், முதலில் "நீ ஏன் அங்கே போனாய்" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு பிள்ளை வாயை மூடிவிடும் என்று மிஸ்ஸி நான்கு நாளும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாங்கள் வெற்றுத் துண்டுக் கடதாசியும் ஒரு பிஸ்கட் டின்னும் கொண்டு வந்திருக்கிறோம். இது பெரியவர்களுக்கு. பெயர் எழுத வேண்டாம். எழுத வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல், வெளியே எங்களோடு வந்திருக்கும் தங்கச்சியிடம் சொன்னால் அவள் எழுதிப் போடுவாள். தேத்தண்ணி குடித்த பிறகு டின்னைத் திறக்கிறோம்.